அக்கா பற்றவைத்த சிவப்பு விளக்கு

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். உடன்பிறந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சுந்தரபாண்டியபுரத்தில். அப்பாவுக்கு வேலை மாறியதால் குற்றாலத்துக்குக் குடிவந்தோம். தென்காசியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அத்தானுக்கு அக்காவைக் கொடுத்தார்கள். கடையில் ஆள் இல்லாத குறைக்கு அக்காவே ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பழகிக்கொண்டார். கடைசி மாதங்களில் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், பேச்சு நின்ற பிறகும் வந்து உட்கார்ந்திருந்த கடைத்தெரு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் சொல்ல வந்தது, எண்பதுகளில் அக்காவின் இரண்டாம் பேறுகாலத்தில் எங்கள் குற்றாலத்து வீட்டில் நடந்தது.

முதல் குழந்தை பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. அன்று பேறுகால அறையின் விளக்கு காற்றில் அணைந்திருந்தது. தீட்டுக் கழியும்வரை அந்த விளக்கு அணையக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால்தான் பிள்ளை போயிற்று என்று அம்மா நம்பினார். இரண்டாவது குழந்தை பிறந்ததும் கதவு ஜன்னலை அடைத்து, மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, அறையிலேயே காவல் இருந்தார்.

அது சாரல் காலம். கரண்ட் போய்ப் போய் வரும். புகையில் குழந்தைக்கு இளைப்பு வந்தது. நெஞ்சு குழிந்து குழிந்து மூச்சு வாங்கியது. புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புகையாத விளக்குக்காக அத்தான் கடையிலிருந்து, ரேடியோவில் வைக்கும் எல்.இ.டி. பல்பு கொண்டுவந்தார். குன்றிமணி அளவுதான் இருக்கும். அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. அக்கா பின்கட்டில் உட்கார்ந்து, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கரியடுப்பில் பழுக்க வைத்தார்.

"ஏட்டி, பச்ச ஒடம்புக்காரி சாரக் காத்துல உக்காந்து ஈயம் உருக்குதியே, கிறுக்கா ஒனக்கு?" என்றார் அம்மா.

அக்கா பல்பின் காலில் கரண்டை மட்டுப்படுத்தும் சிறு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, இரண்டு டார்ச் பேட்டரிக் கட்டைகளோடு இணைத்தார். எரியவில்லை.

"பாத்தியா? சாமிக்கே சம்மதமில்ல."

"கால் மாறிப்போச்சும்மா. நீளக் கால் பிளஸ்ஸுக்குப் போவணும்." அக்கா கட்டைகளைத் திருப்பிப் போட்டார். சிவப்பாக எரிந்தது.

"இதென்னடி, ரயில்வே கேட்டு வெளக்கு மாதிரில்லா இருக்கு! இதையா கும்பிடணும்?"

"கும்பிட வேண்டாம் அத்தே. பொகையாம இருந்தாப் போதும்" என்றார் அத்தான்.

அம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு பிள்ளையத் தூக்கிக் குடுக்க என்னால முடியாது. நான் வெளக்க அணைக்க மாட்டேன்."

அக்கா குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "மொதப் பிள்ள எதனால போச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஒனக்கும் தெரியாது. இது இளைக்குது. காது கேக்குதா, கேக்கலியா?"

உள்ளே குழந்தையின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. அம்மா எழுந்தார். விளக்கை அணைக்கவில்லை. எரிய எரியக் கையில் ஏந்தி, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு, முன்கட்டுக்குப் போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டு, பேட்டரி விளக்கைத் தொட்டிலுக்கு மேல் கட்டினார்.

மறுநாள் இளைப்பு தணிந்து குழந்தை பால் குடித்தது. அம்மா விளக்கை உள்ளே கொண்டுவராமல், முன்கட்டிலேயே வைத்து அதற்கு எண்ணெய் ஊற்றினார்.