டுவோமினென் விற்ற படகு

"பென்ஷனுங்கிறது சம்பளம் இல்லைங்க. வேலை பாத்துச் சம்பாதிச்சாத்தான் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குல பணம் போட முடியும்."

பக்கத்து மேசையில் லொரெய்ன் யாருக்கோ சொன்னது பிரென்னாவின் காதில் விழுந்தது. அமெரிக்காவின் டலூத் நகர நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் எழுதித்தருபவர்கள் அவர்கள்; அவர்களில் பிரென்னாதான் சின்னவள். எழுதிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

காகித ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆர்வில் டுவோமினெனை மார்ச்சில் அவளிடம் அனுப்பியவள் அம்மா. "எங்க வீட்லயே காலேஜ் முடிச்சவ இவதான், கண்ண மூடிட்டு நம்பலாம்." அவரும் நம்பினார்.

"மூவாயிரம் டாலர் அந்தக் கணக்குல போட்டா, வரி முந்நூத்தி அறுபது குறையும்" என்றாள் பிரென்னா அன்று.

"அவ்ளோ பணத்துக்கு எங்க போறது? படகுதான் சும்மா நிக்குது. வித்துரலாமா?"

"தாராளமா வித்துருங்க!"

அவர் படகை விற்றுப் பணத்தைப் போட்டுவிட்டார்; அந்த 'தாராளமா' இப்போது அவளுக்குத் திரும்பக் கேட்டது. அவருக்கு வருவது பென்ஷன் மட்டுமே. பேசாமல் இருந்தால் இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் பணத்தை எடுக்கும்வரை வருடாவருடம் ஆறு சதவீத அபராதம். வரி கட்டும் கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

அவருக்குப் போன் போட்டாள். ஒரு மணி நேரத்தில், பனி ஒட்டிய பூட்ஸோடு வந்து உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுதான், மிஸ்டர் டுவோமினென். நீங்க அதுல போட்டிருக்கவே கூடாது. திங்கக்கிழமைக்குள்ள எடுத்துட்டா அபராதம் இல்ல. குறைச்ச வரிய மட்டும் திருப்பிக் கட்டணும்."

"பணம் முழுசா வந்துருமா?"

"வந்துரும். அது ஈட்டின நாலு டாலரும் சேத்து."

"படகு?"

அவள் படிவக் கட்டுக்குள் தேடத் தொடங்கினாள்.

"மச்சான்கிட்டதான் வித்தேன். நேத்துப் போன் பண்ணி, 'மே மாசம் மீன் சீசனுக்கு என் படகுல வரியா'ன்னு கேக்குறான். *என்* படகாம்!" அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

திருத்தப் படிவத்தை அவள் எடுத்தாள். அவர் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காத பாப்பா. இந்தத் தடவ அந்தம்மா எழுதட்டும்."

அவர் நாற்காலியை லொரெய்ன் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். தவறு எங்கே நடந்தது என்று லொரெய்ன் கேட்டாள். அவர் பதில் சொல்லுமுன் பிரென்னா எழுந்துபோய், "நான் எழுதினது" என்றாள். பிறகும் உட்காராமல், அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.