பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த 'அக்கா'

டச் போன் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியிருந்த சமயம் அது. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் கணவர் சவூதியில் டிரைவர். விடுமுறைக்கு வந்தவர், இனி முகம் பார்த்துப் பேசலாம் என்று ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அதில் அழைப்பை எடுக்க மட்டும்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் படித்த என் மகளுக்கு எல்லாமே தெரியும்.

திடீரென்று அவள் சரியாகச் சாப்பிடாமல் போனாள். கேட்டால் வயிற்று வலி என்பாள். ஒருநாள் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"உம்மா, அடுப்பை அணைங்க. ஒண்ணு சொல்லணும். அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அவள் முகமே சரியில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். அழுதுகொண்டே சொன்னாள். தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிப்பதாகச் சொல்லி ஒரு 'அக்கா' போனில் மெசேஜ் அனுப்பிப் பழகியிருக்கிறாள். பாடத்தில் சந்தேகம் கேட்பது, சமையல் பேசுவது என்று மாதக்கணக்கில் பேச்சு, எல்லாம் எழுத்தில்தான். கல்யாண வீட்டில் எடுத்த போட்டோ ஒன்றைக் கேட்டதும் இவள் அனுப்பிவிட்டாள். அந்த முகத்தை வெட்டி, வேறு ஏதோ அசிங்கமான படத்தில் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்போதுதான் அது அக்கா இல்லை, ஆண் என்பது தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக வர வேண்டும். வராவிட்டால் படம் வாப்பாவுக்குப் போகும், ஊருக்கெல்லாம் போகும் என்று மிரட்டல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி வாய்க்காலில் எறியப் போனேன். மகள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா! அவன் பேசினது எல்லாம் இதுலதான் இருக்கு."

அந்த அழுகையிலும் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது!

வாப்பாவுக்கு அனுப்பிவிடுவேன் என்பதுதானே அவன் கையிலிருந்த ஆயுதம்? அதை நாமே முந்திச் சொல்லிவிடுவோம் என்று கணவரைக் கூப்பிட்டேன். சொல்லி முடித்ததும் அவர் முதலில் கேட்டது இதுதான்.

"புள்ள சாப்பிட்டிச்சா?"

"இல்ல."

"முதல்ல சோத்தப் போடு. அப்புறம் போலீசுக்குப் போ. ஊரு என்ன சொல்லும்னு பாத்துக்கிட்டு நிக்காதே. என் புள்ள என்ன தப்பு செஞ்சிச்சு?" பிறகு மகளிடம், "அந்தப் பய எனக்கே அனுப்பட்டும்மா. வாப்பா அதை அழிச்சிட்டு நிம்மதியாத் தூங்குவேன்" என்றார்.

பல நாளைக்குப் பிறகு என் பிள்ளை அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மகளிர் காவல் நிலையத்தின் படியேறும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தைகூட அதட்டவில்லை. என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். வருகிறேன் என்று அவனுக்குப் பதில் போடச் சொல்லி, போனை ஒரு பெண் போலீசிடம் கொடுத்தார். அவர் எழுதியதை எட்டிப் பார்த்த என் மகள், "நான் ஓகேன்னு முழுசாப் போட மாட்டேன் மேடம். 'கே' மட்டும்தான் போடுவேன். மாத்தினா அவனுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் புள்ளையவா ஏமாத்தப் பாத்தான்?" என்றார். மகளும் சிரித்தாள்!

"சனிக்கிழமை பிள்ளை வீட்டைவிட்டு நகரக் கூடாது. எங்க ஆள் ஒருத்தர் அவ இடத்துல போவாங்க" என்றார்.

"மேடம், நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. "நானும் அவளும் ஒரே உயரம். அவ புர்கா எனக்குச் சரியா இருக்கும். அவளை மாதிரியே நடப்பேன்." அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் யோசித்துவிட்டு, தன் ஆட்களைவிட்டு விலகவே கூடாது என்று பலமுறை சொல்லிச் சம்மதித்தார்.

சனிக்கிழமை மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, அவளுடைய சிவப்புப் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். அந்தப் பைதான் அவன் கேட்டிருந்த அடையாளம். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை ஓரம் நின்றேன். புடவை கட்டிய இரண்டு பெண் போலீஸ் கூடையும் பையுமாகப் பயணிகள் போல எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மப்டியில் ஒருவர் வாழைப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். முகத்திரைக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என்னை உரசுவது போல வந்து நின்றார்கள்.

"வந்துட்டியா? பயப்படாத. பேசாம என் பின்னாடி வா."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்! திரையை விலக்கி அவனை நேருக்கு நேர் பார்த்தேன்.

"ராத்தா…" என்று அவன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

எங்கள் ஊர் ரீசார்ஜ் கடைக்காரன்! கல்யாணமாகிக் குழந்தை உள்ளவன். ஒவ்வொரு தடவையும் "ராத்தா, எவ்வளவுக்குப் போடணும்?" என்று அக்கா முறை சொல்லி மரியாதையாகக் கேட்பவன். எங்கள் வீட்டு நம்பரை அவனிடம் சொன்னதே நான்தான்.

"நான்தாண்டா வந்திருக்கேன். இப்பக் கூப்பிடு, எங்க கூப்பிடுறே?" என்று கத்தினேன்.

திரும்பி ஓடினான். போலீஸ் துரத்த, நானும் அந்தச் சிவப்புப் பை முதுகில் குதிக்கப் பின்னாலேயே ஓடினேன்! நகர்ந்துகொண்டிருந்த ஒரு பஸ்சில் தாவி ஏறினான். "பிடிங்க, பிடிங்க! விடாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். பஸ் நின்றது. சட்டைக் காலரைப் பிடித்து அவனை இறக்கினார்கள். அதைப் பார்த்ததும் நடைமேடையிலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். பழக்கடைக்காரம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

அவன் போனில் இன்னும் பல பெண் பிள்ளைகளின் படங்கள் இருந்தன. கடைக்கு வந்த நம்பர்களை வைத்துத்தான் எல்லாம் செய்திருக்கிறான். அந்த வீடுகளில் சிலர் புகார் கொடுக்கப் பயந்தார்கள். நானே போய்ப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஊரில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடு என்று புத்தி சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் நான், அந்தச் சனிக்கிழமை கழிந்த திங்கட்கிழமை காலையே வழக்கம்போல மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினேன்.

இப்போது அவள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். அவனைப் பிடித்த கதையை உறவுக்காரப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். நானும் கை கால் ஆட்டிச் சொல்வேன். ஆனால் அவ்வளவு பெரிய பயத்தைச் சுமந்துகொண்டு அந்தச் சின்னப் பெண் என்னைத் தேடி வந்தாளே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கண் கலங்கும். அன்றைக்கு என்ன நம்பிக்கையில் என்னிடம் வந்தாளோ, அந்த நம்பிக்கைக்குத் தகுந்தவளாக இருக்கத்தான் இன்றுவரை முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.