பின் சக்கரத்துச் சிவப்புப் புள்ளி

இனிமேல் போவதில்லை என்று சொல்லித்தான் என் கணவர் குவைத்திலிருந்து திரும்பி வந்தார். வந்த கையோடு ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கினார். சாதாரண வண்டி இல்லை. மலை, காடு, மணல் எல்லாவற்றிலும் ஓடும் என்று விளம்பரத்தில் காட்டுவார்களே, அந்த அட்வெஞ்சர் பைக். அவர் தோளைப் பிடித்து எம்பினால்தான் என்னால் ஏறி உட்கார முடியும். பட்டுக்கோட்டைப் பக்கம் ஏது மலை? ஆனாலும், “ரெண்டு பேரும் லடாக் போறோம், பாத்துக்க” என்றார். எட்டு வருஷத்தில் மூன்றே முறை லீவுக்கு வந்த மனுஷன், கூடவே இருக்கிறேன் என்கிறார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

லடாக் போகவில்லை, பூம்புகார் வரைக்கும் போனோம். வழியில் இரண்டு பஞ்சர். இன்னொரு நாள், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் சறுக்கி, நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் விழுந்தோம். நெல்லுக்காரர் ஓடி வந்து முதலில் நெல்லைத்தான் பார்த்தார். எங்களுக்கு அடிபட்டதா என்று கேட்டது அப்புறம். அன்றோடு வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் செத்துப்போனது.

பஞ்சர் ஒட்ட நான் அந்தப் பயணங்களில்தான் கற்றுக்கொண்டேன். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை உருவித் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு ஒட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குத்திய முள் அங்கேயே இருந்தால் ஒட்டியது வீண். இதில் அவரைவிட எனக்குப் பொறுமை அதிகம்.

அப்புறம் அவர் தனியாகப் போக ஆரம்பித்தார். “பட்டுக்கோட்டைக்குப் போயிட்டு வந்துடுறேன்” என்று காலையில் கிளம்புவார், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். கேட்டால், “பஞ்சர்டி. பக்கத்துல கடை இல்ல, நானே கழட்டி ஒட்டினேன்.” ஒரு தடவை சரி. இரண்டு தடவை சரி. நான்காவது தடவை அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

பொம்பளை விவகாரம்தான் என்று முடிவு கட்டினேன். சட்டையை மோந்து பார்த்தேன். போன் வந்தால் யார் என்று எட்டிப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. மீட்டரும் ஓடாத வண்டியில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது நெயில் பாலிஷை எடுத்துப் போய், பின் சக்கர டயரில் ஒரு புள்ளி, அதற்கு நேர் எதிரே ரிம்மில் ஒரு புள்ளி வைத்தேன். முன் சக்கரத்திலும் அப்படியே. டயரைக் கழற்றி மாட்டினால் இரண்டு புள்ளியும் பழையபடி நேருக்கு நேர் வராது. எத்தனை தடவை மாட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

அடுத்த வாரமும் பஞ்சர் என்றார்.

“எந்த வீலுங்க?”

“பின்னாடிதான். ஒரத்தநாட்டுகிட்ட.”

“அடப்பாவமே” என்றேன். அவர் உள்ளே போனதும் குனிந்து பார்த்தேன். நான்கு புள்ளியும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுவிடலாம் என்று கொல்லைப்பக்கம் போனால், அவர் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கையின் உள்மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய சின்னப் பிளாஸ்திரி. ரத்தம் எடுத்த இடம். முதல் தடவை குவைத் கிளம்புவதற்காக மெடிக்கல் எடுத்து வந்த அன்றும் அதே இடத்தில் பார்த்திருக்கிறேன்.

வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டேன். பொம்பளையாக இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். குவைத்தை எதால் அடித்துத் துரத்துவது? அவராகச் சொல்லட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஒருநாள் விடியற்காலை, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு கிளம்பினார். திருச்சிக்குக் கூட்டாளி வந்திருக்கிறானாம். வெளியே போனவர் அப்படியே நின்றார். பின் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. ஆறு மணி பஸ் அப்போதுதான் போயிருந்தது, அடுத்தது எட்டரைக்கு. டயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீதானே?”

“என்னது?”

“காத்தைப் புடுங்கி விட்டது நீதானே? பத்து மணிக்கு நான் ஏஜென்டு ஆபீஸ்ல இருக்கணும். இன்னிக்குக் கையெழுத்து போடலைன்னா விசாவ வேற ஆளுக்குக் குடுத்துருவான்.”

இத்தனை நாளாகப் பூட்டி வைத்திருந்ததைக் கோபத்தில் கொட்டிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பொய் சொன்னது இவர், சந்தேகம் என் மேலா? சும்மா இருந்தாலே அவர் போக முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் செய்யாத காரியத்துக்குப் பழி சுமந்து எவரையும் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன்.

டயரின் உள்ளே தடவியபோது விரலில் சுருக்கென்றது. கருவேல முள். முந்தின நாள் எங்கள் நெல்லை ரோட்டில் காயப்போட்டுவிட்டு, ஆடு மாடு வராமலிருக்க அவரே வெட்டிச் சுற்றிலும் போட்ட முள். பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“உங்க முள்ளுதான். பாத்துக்குங்க.”

அவர் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். “இதென்ன செவப்பா?”

“நெயில் பாலிஷ். இத்தனை நாள் பஞ்சர், பஞ்சர்னீங்களே, ஒரு தடவையாவது அது நகந்துச்சா? இப்பத்தான் நகரப்போவுது.”

அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, “வாய்க்கா கடைசியில, கடமடையில கெடக்குற நம்ம வயலுக்குத் தண்ணி சரியா வரலையே, ரெண்டு வருஷமா. வெளஞ்ச நெல்லு சாப்பாட்டுக்கே காணாது. நான் என்னத்தைப் பண்ண? சொன்னா நீ அழுவே” என்றார்.

“அழுதா அழுதுட்டுப் போறேன். சொல்லியிருக்கணும்ல?”

சொல்யூஷன் காயும் வரை காத்திருந்து ஒட்டினேன். சக்கரத்தை மாட்டிக் காற்றடித்துக் கொடுத்தேன். ஏழரைக்குக் கிளம்பினார்.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம், காற்று இறங்கவே இல்லையாம். “நீ ஒட்டினா ஒட்டினதுதான்” என்றார். அந்த மாதமே குவைத்துக்குப் போனார். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்து தொலைக்கிற கை எனக்கு. அதன் மேல்தான் இன்றுவரை எனக்குக் கோபம்.