யார்ட்டுக்கு ஒரு சோடிச் சப்பாத்து

கோணேஸ்வரி வேலை செய்யும் இடத்தை எல்லோரும் யார்ட் என்றுதான் சொல்வார்கள். கனடாவில், ஸ்காபரோவின் வடகிழக்கு ஓரத்தில், லொறிகள் இழுத்துவரும் ட்ரெய்லர் பெட்டிகளை வரிசை வரிசையாக நிறுத்திவைக்கும் பெரிய வெளி அது. எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, கதவில் போட்ட சீல் அப்படியே இருக்கிறதா என்று நடந்து நடந்து பார்ப்பது அவளுடைய வேலை. தார் போடாத நிலம். கடுங்குளிரில் கல்லாக இறுகிவிடும். கொஞ்சம் வெயில் பட்டால் மேலே சேறு, அடியில் ஐஸ்.

திருகோணமலையிலிருந்து வந்த நாள் முதல் அவள் இருந்து செய்யும் வேலைகளையே செய்திருந்தாள். தைக்கும் ஃபக்டரி பூட்டப்பட்டது. கணவர் குஞ்சித்தம்பிக்கு ஹோட்டல் குசினியில் பாரம் தூக்கி இடுப்பு நாரி போனது. ஐம்பத்தாறு வயதில் கிடைத்தது இந்த நடைதான்.

முதல் குளிர்காலத்தில் யார்ட்டிலேயே சப்பாத்துக் கொடுத்தார்கள். மேற்பார்வையாளன் பிரசாந் இங்கே பிறந்த பொடியன், மரியாதை தெரிந்தவன்.

“சொறி அன்ரி, மென்ஸ் சைஸ் மட்டும்தான் வந்தது. இதுதான் ஆகச் சின்னது. ரெண்டு சொக்ஸ் போட்டா ஓகே.”

அவள் இரண்டு சொக்ஸ் போட்டாள். பிறகு மூன்று. முன்பாதம் நெரிந்து, குதி மட்டும் உள்ளே வழுக்கிக்கொண்டு கிடந்தது. சொக்ஸ் கூடக் கூடக் கால் இன்னும் விறைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினால் விரல்கள் வேறு யாருடையவோபோல இருக்கும். சூடு ஏற ஏற ஊசி குத்துவதுபோல வலிக்கும். அதைப் பார்க்காமல் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி போட்டுக்கொள்வாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் மழை பெய்தது. இரண்டு வரிசைகளுக்கு நடுவில் நடந்தபோது இடது சப்பாத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. கால் மட்டும் மேலே வந்தது. சமாளிக்க மற்றக் காலை ஊன்றினாள், அடியில் ஐஸ். பக்கவாட்டாக விழுந்தாள். அதே நேரம் அகஸ்ரின் என்ற டிரைவர் லொறியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவளுடைய மஞ்சள் அங்கி தெரிந்ததால் நிறுத்தினார். இறங்கி வந்து அவளைத் தூக்கி இருத்தினார்.

“அன்ரி, எனக்கு உங்களைத் தெரியேல்ல. கடைசி நேரத்திலதான் கண்டனான்,” என்றார்.

“பரவாயில்லைத் தம்பி. எனக்கு ஒண்டுமில்லை.”

தங்கள் டோர்செட் பார்க் அபார்ட்மென்ட்டுக்கு வந்து சேறான உடுப்பை மெஷினில் போட்டாள். குஞ்சித்தம்பியிடம் சப்பாத்து வாங்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி வேலைச் சப்பாத்து விற்கும் கடைக்குப் போனார்கள். பெண்களுக்கான பக்கத்தில் விளிம்பில் பொய்மயிர் வைத்த மெல்லிய சப்பாத்துகளே அதிகம் இருந்தன. குஞ்சித்தம்பி ஒன்றைக் கையில் எடுத்தார்.

“உது பாரம் இல்லை. வடிவாவும் இருக்கு.”

கோணேஸ்வரி அதைத் திருப்பி அடியை நகத்தால் அமுக்கிப் பார்த்தாள். பிளாஸ்டிக்போல இறுக்கம். குளிரில் இன்னும் இறுகும், இறுகினால் வழுக்கும். தட்டின் கீழ்வரிசையில் கறுப்பு ரப்பர் சப்பாத்து ஒன்று கிடந்தது. கெண்டைக்கால் வரை உயரம். அடி மெத்தென்று, ஆழமான பள்ளங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி வெட்டப்பட்டிருந்தன. சேறு அடைக்காமல் உதிர்ந்துவிடும். உள்ளே கம்பளி உறை, கழற்றிக் காயவைக்கலாம். விரலுக்கு மேலே காவல் உண்டு, ஆனால் குளிரை உள்ளே இழுக்கும் இரும்பு இல்லை. பாதுகாப்புக்கு யார்ட்டில் கேட்கும் பச்சை முக்கோண முத்திரையும் இருந்தது.

தடித்த ஒரு சொக்ஸோடு போட்டு எழும்பினாள். விரல்கள் உள்ளே அசைந்தன. குதி அசையவில்லை. கடை வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சரிவில், உருகிய ஸ்னோவின் ஈரத்தோடு இருந்த இடத்தில், மேலும் கீழும் நடந்தாள். அவள் திரும்பத் திரும்ப நடப்பதைக் கண்டு குஞ்சித்தம்பி கிட்ட வந்தார்.

“என்னத்துக்கு இவ்வளவு சோதினை? நீர் விழுந்தனீரோ?”

அவள் சரிவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஓம். லொறிக்குப் பின்னால.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா வேலைய விடு எண்டுவியள்.”

“ஓம், சொல்லியிருப்பன்தான்,” என்றார் அவர். பிறகு சப்பாத்துக்குக் காசு கட்ட உள்ளே போனார். வேலையை விட்டால் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மழையும் ஸ்னோவும் கலந்து கொட்டியது. புதுச் சப்பாத்து சேற்றில் புதைந்தது. இழுத்தால் காலோடு சேர்ந்தே வந்தது. ஐஸில் ஊன்றினால் நின்றது. மத்தியானம் கழற்றிப் பார்த்தாள். விரல்கள் அவளுடையவையாகவே, இளஞ்சூடாக இருந்தன. பிரசாந் குனிந்து பார்த்து, “எங்க வாங்கினீங்கள் அன்ரி? இதைத்தான் ஓர்டர் பண்ணச் சொல்லோணும்,” என்றான்.

“லேடீஸ் சைஸிலயும் சொல்லும்,” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் கதிரையில் விழுந்தாள். குஞ்சித்தம்பி, “கால் எப்பிடி?” என்று கேட்டார்.

“கால் நல்லாயிருக்கு. இப்பதான் முழங்கால் நோகிறது தெரியுது.”

அவர் நாரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, கம்பளி உறைகளை உருவி எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நித்திரையாகியிருந்தாள்.