எட்டாம் வரிசைக்கு ஆள்

"நான் போன் பண்ணி வராத நர்ஸ் இந்த ஊர்ல இன்னும் பொறக்கலை. என் சார்ட்டுல ஒரு கட்டம் காலியா கெடந்து பார்த்தவன் எவனாவது இருந்தா கூட்டிட்டு வாங்க. அவனுக்கு நானே டீ வாங்கித் தர்றேன்."

ஆஸ்பத்திரி கேன்டீனில், வாயில் பாதி பன் இருக்கும்போது, கட்டக்காரர் விட்ட சவால் இது. அவர் யாருக்குமே டீ வாங்கித் தந்ததில்லை என்பதால், பந்தயம் எவ்வளவு கடுமையானது என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது. கொள்ளைநோய் என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்துக்கு வெளியே யாரும் கண்டிராத காலம் அது.

இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. எந்த வார்டில், எந்த ஷிப்டில், எந்த நர்ஸ் என்று ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதுவது. ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். நோயாளியைத் தொட்டதே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியே தம் விரல் நுனியில்தான் சுழல்கிறது என்பது அவருடைய பணிவான அபிப்பிராயம். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்து தொலைத்தது. யாருக்கு மாமியாரோடு ஆகாது, ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டால் யார் மனசுக்குள் வாழ்த்துவாள், "உங்களை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா" என்றால் யார் கரைந்து போவாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதலில் பென்சிலால் பெயர் எழுதுவார். பிறகு போன். "வர்றேன் சார்" என்று காதில் விழுந்ததும் அதன் மேல் பேனா ஓடும். அதற்கு அவர் வைத்திருந்த மந்திரம் மூன்றே சொல்: "ஒரே நாள் மட்டும்மா."

நோய் வந்தது. சோபாவும் சமையலறை அலமாரியும் விற்றுக்கொண்டிருந்த கண்காட்சி மண்டபம் ஒன்பதே நாளில் அவசர ஆஸ்பத்திரி ஆயிற்று. நானூறு கட்டில் லாரியில் வந்து இறங்கியது. மெத்தை வந்தது, தலையணை வந்தது, தலையணைக்கு உறைகூட வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க மனுஷியும் வேண்டுமே என்பது, கத்தரிக்கோலைத் தட்டில் திருப்பி வைத்த பிறகுதான் மேலிடத்துக்கு உறைத்தது.

பத்துக் கட்டில் ஒரு வரிசை. வரிசைக்கு ஒரு நர்ஸ். நாற்பது வரிசைக்கும் மூன்று ஷிப்ட். ஆக நூற்றிருபது கட்டம். இருந்தவர்களோ அறுபத்தொரு பேர். அதிலும் பதினான்கு பேர் ஏற்கெனவே காய்ச்சலில் படுத்திருந்தார்கள். கட்டத்தில் பெயர் இருந்தால் அந்த வரிசை 'இயங்குகிறது' என்று மேலே தகவல் போகும். பெயருக்குப் பின்னால் ஆள் உண்டா என்று கேட்கும் இடம் அந்தப் படிவத்தில் இல்லை.

'வீரர்களே வாருங்கள்' என்று விளம்பரம் கொடுத்தார்கள். இருநூறு வீரர்கள் மனுப் போட்டார்கள். பெரும்பாலோர் அலுவலக நாற்காலிக்கு. ஒருவர், வீட்டிலிருந்தபடியே நோயாளிகளைக் கவனிக்க வழி உண்டா என்று விசாரித்திருந்தார். நேரில் வந்து நின்றவர்களில் ஒருவர் கால்நடை மருத்துவமனை உதவியாளர்.

"ஊசி போடத் தெரியுமா?" என்றார் கட்டக்காரர்.

"இருபது வருஷமா போடறேன் சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், இவங்க உதைக்க மாட்டாங்கல்ல?"

அவருக்குப் பதினேழாம் வரிசை கிடைத்தது. சொல்லப்போனால், வந்தவர்களில் நன்றாக வேலை பார்த்ததும் அவர்தான்.

அடுத்து, ஓய்வுபெற்றவர்கள். அறுபது வயது வரைக்கும்தான் என்றிருந்த விதியை ஒரு சுற்றறிக்கை அறுபத்தைந்தாக்கியது. கட்டக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார். முதலில் சிக்கியவர் சிரிப்பு சிஸ்டர். ஊசி குத்தும்போதும் சிரிப்பு மாறாதவர் என்பதால் அந்தப் பெயர். "ஒரே நாள் மட்டும்மா" என்றதும், "உங்க ஒரே நாள் எனக்குத் தெரியாதா சார்?" என்று சிரித்துவிட்டு வந்து சேர்ந்தார்.

இந்த அழைப்புகளையெல்லாம் பக்கத்து அறையிலிருந்து ஒரு ஜோடிக் காது கேட்டுக்கொண்டிருந்தது. கட்டக்காரரின் அக்கா. தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். வயது அறுபத்து மூன்று. அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததும், ஆஸ்பத்திரித் தலைமையில் இருந்த பெரிய டாக்டரம்மாவின் கையைக் காலைப் பிடித்து இந்த வேலையில் உட்கார்த்தி வைத்ததும் அவள்தான். இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் இரண்டு தடவை நிற்பாள். இன்ஹேலர் இடுப்பிலேயே இருக்கும்.

"ஊர்ல இருக்கற அக்காவையெல்லாம் கூப்பிடுறே. உன் அக்கா பேரு மட்டும் உன் நோட்டுல இல்லையாடா?"

"உனக்கு மூச்சு சரியில்லைக்கா."

"அவங்களுக்கெல்லாம் மூச்சு சரியா இருக்கான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டியா?"

கேட்கவில்லை. அதனால் கட்டக்காரர் போனுக்கு சார்ஜ் போடுவது போல எழுந்து போய்விட்டார்.

இரண்டு வாரம் போனது. அவருடைய எண்ணைப் பார்த்தாலே யாரும் எடுப்பதில்லை. மனைவியின் போனிலிருந்து அழைத்தார், பிறகு அந்த எண்ணும் பிரபலமாகிவிட்டது. புது வாரத்துச் சார்ட் எழுதும்போது கை ஓய்ந்து, இருபத்தாறு வருஷத்தில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். யாருக்கும் போன் பண்ணாமல், பழைய தாளைப் பார்த்து அப்படியே பேனாவால் எழுதிவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அவர் ஆபீஸில் இருந்தபோது, மண்டபத்திலிருந்து அழைப்பு. ஏழாம் வரிசை நர்ஸ்.

"சார், எட்டாம் வரிசைக்கு ஆள் வரலை. நேத்து மத்தியானத்துல இருந்து ரெண்டு வரிசையையும் நானே பாக்கறேன்."

"ஆள் இருக்கேம்மா. சிரிப்பு சிஸ்டர் பேரு போட்டிருக்கேனே."

"பேரு இருக்கு சார். அவங்களும் எட்டாம் வரிசையிலதான் இருக்காங்க. நாலாவது கட்டில்ல."

கட்டக்காரர் தாளைப் பார்த்தார். கட்டம் நிரம்பியிருந்தது. அழகான கையெழுத்து.

"அட்மிட் ஆகி ஆறு நாளாச்சு சார். நேத்து வரைக்கும் அவங்க வரிசையை ஆளுக்குக் கொஞ்சமா பாத்தோம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ஒரே நாள்னு கூப்பிட்டீங்களாம், இன்னையோட ஆறு நாளு, ஓவர்டைம் உண்டான்னு."

"எப்படி... எப்படி இருக்காங்க?"

"பேச மூச்சு இருக்கு சார். சிரிக்கத்தான் இல்லை." பின்னால் ஏதோ கருவி விட்டு விட்டுக் கத்தியது. "யாரையாவது அனுப்புங்க சார். சீக்கிரம்." வைத்துவிட்டாள்.

அவர் இருக்கிற எண்களையெல்லாம் அழுத்தினார். பதினொரு மணி வரை அழுத்தினார். மூன்று பேர் எடுத்தார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி திட்டினாள், மூன்றாவது நர்ஸின் மகன் எடுத்து, அம்மா இனிமேல் போன் எடுக்க மாட்டாங்க அங்கிள் என்றான். பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு, "பன்னெண்டு மணிக்கு மினிஸ்டர் ஆபீஸுக்கு லிஸ்ட் போகணும். எட்டாம் வரிசையில ஏதாவது ஒரு பேரைப் போடுங்க. ஏன், உங்க அக்கா இல்லையா?" என்றார்.

அவர் பதில் யோசிப்பதற்குள் வீட்டிலிருந்து அழைப்பு.

"டேய், என் வெள்ளை ஷூ பரணில கெடந்துச்சு. தொடைச்சு வச்சிருக்கேன். வரட்டுமா?"

அந்த ஒரு வாக்கியத்துக்குள் அவள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது அவருக்குக் கேட்டது. ஊரிலேயே மந்திரம் தேவைப்படாத நர்ஸ் அவள் ஒருத்திதான்.

"வேணாம்க்கா. ஆள் கெடைச்சாச்சு."

"நிஜமாவாடா?"

"ஆமாக்கா. நல்ல ஆளு."

போனை வைத்தார். சிரிப்பு சிஸ்டர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. பிறகு மண்டபத்துக்கு அழைத்தார். ஏழாம் வரிசை நர்ஸ் ஓடி வந்து எடுத்த இரைப்பு கேட்டது.

"சொல்லுங்க சார், யாரு வர்றா?"

இந்தக் கேள்விக்கு "வந்துட்டே இருக்காங்கம்மா" என்று பதில் சொல்லியே அவர் தலை நரைத்திருந்தது.

"யாரும் வரலைம்மா."



"சரி சார். அப்போ நான் வாசலைப் பாக்கறதை விட்டுடறேன்" என்றாள் அவள்.

பன்னிரண்டு மணிக்குத் தாள் அப்படியே மேலே போனது.