நிகிலின் தொண்டை

ஹேமநாத் என்றால் உங்களுக்குத் தெரியாது. நிகில் என்றால் தெரியும். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எந்தப் பெண்ணிடமாவது கேட்டுப் பாருங்கள். "ஐயோ, 'ஸ்டடி லீவு' நிகிலா!" என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்தத் தொடர் வந்து. தாம்பரம் சலூன்களில் "நிகில் கட்டிங்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள் பையன்கள். நோட்டுப் புத்தக அட்டையில் அவன் படம். அந்த நிகிலாக நடித்தவன் ஹேமநாத். நிகிலாகப் பேசியவன் நான், பீர்க்கன்கரணை சுகுமார். என்னை ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் என் மனைவி ஸ்ரீவித்யா படித்துவிட்டுச் சிரிப்பாள், அதனால் எழுதவில்லை.

ஹேமநாத் கடற்கரைக் குப்பத்துப் பையன். அம்மா கங்கையம்மாள் மீன் விற்றுப் படிக்க வைத்தார். தாம்பரத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவனை ஒரு டைரக்டர் காரிலிருந்து பார்த்தார். அப்படி ஒரு முகம். கேமரா முன்னால் நிறுத்தி, "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லச் சொன்னார்கள். "உன்னிய எனக்கு ரொம்பப் புட்ச்சிக்கீது" என்றான் ஹேமநாத். யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. முகத்தை வைத்துக்கொண்டு குரலை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து எனக்குப் போன் போட்டார்கள். திரையில் ஒருவன் வாயசைப்பதைப் பார்த்து, அடைத்த அறைக்குள் நின்று அவனுக்காகப் பேசுவதுதான் என் தொழில்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினேன். மூன்று வருஷம் பேசினேன். கடைத் திறப்பு விழாவுக்கு அவன் போனால், "ஹாய், நான் உங்க நிகில்" என்று நான் பேசிய கேசட்டும் கூடவே போகும். அவன் கையை மட்டும் ஆட்டுவான். ஒருமுறை இரும்புலியூரில் ஒரு விழா மேடையில் கேசட் சிக்கிக்கொண்டது. மைக்கை அவன் கையில் திணித்துவிட்டார்கள். "இன்னா, அல்லாரும் சோக்கா கீறீங்களா?" என்று கேட்டான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நிகில் ஏதோ காமெடி பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். "ஒன்ஸ் மோர்" கூடக் கேட்டார்கள். அவன் நிஜமாகப் பேசுவதே அப்படித்தான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வெளியிடத்தில் ஹேமநாத் வாயைத் திறந்ததே இல்லை. கூச்ச சுபாவம் என்று பத்திரிகைகள் எழுதின.

தொடர் முடிந்தது. ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்தான், அது ஒரு வாரம்கூட ஓடவில்லை. பிறகு கதாநாயகனின் நண்பன், வில்லனின் தம்பி, சொத்துக்காகச் சண்டை போடும் மச்சான். எல்லாவற்றிலும் நான்தான் பேசினேன். நடுவில் தொடர்களில் லைவ் சவுண்டு வந்தது. ஸ்பாட்டில் பேசுவதையே அப்படியே வைத்துக்கொள்ளும் முறை. அவனவன் குரலில் பேச வேண்டும் என்றதும் இவனைக் கூப்பிடுவது நின்றுபோனது. கொஞ்ச நாள் கால் டாக்ஸி ஓட்டினான். பின் சீட்டில் ஏறுகிற அம்மாக்கள் கண்ணாடியில் அவன் முகத்தையே பார்ப்பார்களாம். இவன் ஓ.டி.பி. நம்பரை மட்டும் கேட்டுவிட்டு வண்டியை எடுப்பானாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டு கேட்டில் வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நரை விழுந்திருந்தாலும் முகம் இன்னும் அந்த முகம்தான். ஸ்ரீவித்யா காபியோடு முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். எனக்குக்கூட எடுத்துவைக்காத முறுக்கு.

"புது சீரியல்ல ஹீரோயினுக்கு அப்பாவா பண்றேன் அண்ணா. மீன் ஏலம் வுடுற ஆளு. டைரக்டரு உன் பாஷையிலயே பேசுன்னாரு. பேசிட்டேன்" என்றான்.

"நல்லதாப் போச்சு."

"எங்க போச்சு? அல்லாருக்கும் லைவ் சவுண்டு, எனக்கு மட்டும் டப்பிங்னு சேனல்ல சொல்லிட்டாங்க. நிகில் வாய்ஸ் இல்லாம நிகில எப்டி விளம்பரம் பண்றதுன்றாங்க. உங்களத்தான் நாளைக்குக் கூப்ட்டுக்கீறாங்க."

கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

"நீங்க வர வேணாம் அண்ணா. அதக் கேக்கத்தான் வந்தேன்" என்றான். "திங்கக்கெழம டெலிகாஸ்ட். நீங்க இல்லன்னா வேற வாய்ஸ் தேட டயம் கெடையாது. என்னுதயேதான் போட்டாவணும். மொத வாரம் ஒரு குரலு போயிட்ச்சின்னா அப்புறம் மாத்த மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "ஏன்டா, இருபது வருஷமா உனக்கு வாய் குடுத்தவன் நான். இப்ப நான் வேண்டாமா?"

அவன் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கம்மா என் சீரியல் ஒண்ணு வுடாம பாக்கும். சவுண்டு வைக்காம பாக்கும். கேட்டா, 'எவனோ பேசுறான், எனக்கு எம்புள்ள மூஞ்சி போதும்'னும். அதுக்கு எழுவத்தி நாலு ஆவுது அண்ணா. ஒரு வாட்டி அது சவுண்டு வெச்சிப் பாக்கணும்."

எவனோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே உருகிய குரல், அந்தம்மாவுக்கு எவனோ. "அதெல்லாம் முடியாது, தொழில் தொழில்தான்" என்று எழுந்துவிட்டேன். அவன் தம்ளரைக் கீழே வைத்தான். ஸ்ரீவித்யாவிடம் மட்டும், "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் பெருங்களத்தூரில் ரயில் ஏறி வடபழனி ஸ்டூடியோவுக்குப் போனேன். பேசுவதற்குத்தான் போனேன், நல்லவன் வேஷம் போட விரும்பவில்லை. சவுண்டு இன்ஜினியர் ஜெபகுமார் முதல் காட்சியை ஓட்டினான். ஸ்பாட்டில் பதிந்த ஹேமநாத்தின் குரல் ஹெட்போனில் வந்தது. மகள் காலேஜுக்குக் கிளம்புகிறாள். அவள் கிட்டே வந்தால் மீன் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா தள்ளி நின்றே பேசுகிறான். "துன்னியா கண்ணு? அங்கயே நில்லு, கிட்ட வராத. துன்னியான்னுதான் கேட்டேன்." அவ்வளவுதான் வசனம்.

நான் பேசினேன். "சூப்பர் சார்" என்றான் ஜெபகுமார். எனக்குத் திருப்தியில்லை. மறுபடி பேசினேன். அவன் பாஷையை அப்படியே பிடித்துப் பேசினேன். மிமிக்ரி மாதிரி இருந்தது. ஆறு தடவை பேசினேன். உதடு அசைவெல்லாம் இம்மி பிசகவில்லை. ஆனால் கிட்டே வராதே என்று சொல்வதற்கு முன்னால் அவன் ஒரு மூச்சு விடுகிறான் பாருங்கள், அது எனக்கு வரவில்லை. அந்த மூச்சு எத்தனை வருஷத்து மூச்சு என்று எனக்குத் தெரியும். இரும்புலியூர் மேடையில் நானும்தான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்தோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வெட்கமாக இருந்தது எனக்கு.

ஏழாவது தடவை தொண்டையைச் செருமினேன். பிறகு கரகரத்தேன். பிறகு காற்று மட்டும்தான் வந்தது. "என்ன சார் ஆச்சு?" என்று ஜெபகுமார் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். கழுத்தைப் பிடித்துக்கொண்டு கையை விரித்தேன். கேமரா முன்னால் நின்றதே இல்லையே தவிர, நடிக்கத் தெரியாதவன் இல்லை. தயாரிப்பாளர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. டாக்டரிடம் காட்டச் சொல்லி என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. இந்த வயதில் தொண்டை போனவன் என்ற பேர் ஒரு டப்பிங்காரனுக்கு எப்படி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் ஹேமநாத்திடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அண்ணா, உங்களுக்குத் தொண்ட போயிட்ச்சாம், ஜெபா சொன்னாரு. மனசுக்கு பேஜாரா கீது. ஆனா என் குரலயே போடறாங்க. நான் வேண்டிக்கினதாலதான் உங்களுக்கு இப்டி ஆயிட்ச்சோன்னு கீது. பேசாதீங்க, சும்மா வாங்க. திங்கக்கெழம அம்மாகூட உக்காந்து பாக்கலாம்." நானும், "சரி, வருகிறேன். இன்னும் பேச முடியவில்லை" என்று டைப் அடித்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் போனேன். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஐந்தாவது மாடி. குப்பத்திலிருந்து அரசாங்கம் அவர்களை அங்கே குடிவைத்துப் பல வருஷமாகிறது. படியேறியதில் மூச்சு வாங்கியது. வாங்கின மூச்சில் நான் போட்ட வேஷமே மறந்துபோய்விட்டது. திறந்திருந்த கதவில் தட்டி, "ஹேமநாத் வீடு இதானேம்மா?" என்று கேட்டேன். கணீரென்று கேட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கங்கையம்மாள் கையில் ரிமோட்டோடு திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏய், இது அக்கம்பக்கத்து டீவில கேக்குற அந்தக் குரலு! எம்புள்ள வாயில பூந்துக்கினு பேசுன ஆளு நீதானா?"

"நான்தாம்மா."

"நல்லாத்தான் கீற, சொந்தமா ஒரு மூஞ்சிய வெச்சிக்கினு! ஒக்காரு."

உள்ளேயிருந்து ஹேமநாத் வந்தான். கையில் எனக்காகப் போட்ட மிளகுப் பால். என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். என்னைப் பார்த்தான், தம்ளரைப் பார்த்தான். "அண்ணா..." என்றான். அதற்கு மேல் அவனுக்குத்தான் குரல் வரவில்லை. "குடுடா இப்படி" என்று பாலை வாங்கிக் குடித்தேன். காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிட்டது. சரி, காரம்தான் என்றே இருக்கட்டும்.

ஆறரைக்குத் தொடர் ஆரம்பித்தது. வழக்கப்படி சத்தமில்லை. ஹேமநாத் சுவரில் சாய்ந்து நின்றான். சவுண்டு வைக்க அவனே சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். ஏலக் கூடத்தில் அவன் முகம் வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "சவுண்டு வைங்கம்மா" என்றேன்.

"நீதான் இங்க குந்திக்கினு கீறியே, அங்க யாரு பேசுவா?" என்றார்.

"வைங்கம்மா."

வைத்தார். மகள் கிளம்பும் காட்சி. அந்த மூச்சு. "துன்னியா கண்ணு? அங்கயே நில்லு, கிட்ட வராத."

காட்சி முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது. பிறகுதான் கங்கையம்மாள் மகன் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா, தொண்ட கட்டிக்கினு கீது அதுல? மழயில நனஞ்சிட்டு வந்தியே, அன்னிக்கி எடுத்ததா?"

"ஆமாம்மா" என்றான் ஹேமநாத்.

அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் நாலு புள்ளி ஏற்றிவைத்துவிட்டு, விளம்பரம் முடியக் காத்திருந்தார்.