கை ஊன்றாமல் ஐந்து முறை

செவிலியர் ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடுகிறார். "கையை நெஞ்சுல கட்டிக்கோங்க. அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காரணும். கை நாற்காலியில பட்டுச்சுன்னா முதல்லேருந்து." அறுபதைக் கடந்தவர்கள் இருமலுக்கென்றே வந்தாலும், அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் கைப்பிடியில்லாத மர நாற்காலியிடமிருந்து தப்ப முடியாது. அவருக்கு ‘அஞ்சு தடவை சிஸ்டர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அவருடைய மேசை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைக்குள், மூன்று மருத்துவச் சீட்டுகள் இருக்கின்றன. கால் தளர்கிறதென்று அவருடைய அப்பா மூன்று முறை காட்டப் போனார். மூன்றிலும் ‘வயதின் இயல்பு’ என்ற ஒரே வரி. அடுத்த மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பிறகு நடக்கவேயில்லை. முதுமையில் தசை கரைவதும் ஒரு நோய், முன்கூட்டியே கண்டால் தடுக்கலாம் என்பதைச் சிஸ்டர் அதற்குப் பின் தாமாகவே படித்து அறிந்தார். கையின் பிடி வலிமையை அளக்கும் கருவி கேட்டு ஏழு விண்ணப்பங்கள் எழுதினார். ஏழின் நகலும் அதே உறையில் உள்ளன. எட்டாவது எழுதுமுன் கருவி வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் பிரஷர் மாத்திரைக்காக மனைவியோடு வந்தார். ஊரையெல்லாம் மேலே ஏற்றியவருக்கு வாய்த்தது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. படியேறத் திணறுகிறாரென்று மகன் அதைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்கார இருபத்தொரு விநாடி ஆனது. பதினைந்தைத் தொட்டாலே சிஸ்டரின் புருவம் ஏறும்.

"வயசாச்சுல்ல சிஸ்டர், அப்படித்தான் இருக்கும்."

"அதை மட்டும் இங்க சொல்லாதீங்கய்யா. பெல்ட்ல புது ஓட்டை எப்பப் போட்டீங்க?"

மனைவி முந்திக்கொண்டார்: "ரெண்டு போட்டாச்சு. ராத்திரி ரெண்டு பிஸ்கட்டோட முடிச்சுக்குறாரு. கேட்டா, வயிறு லேசா இருக்கணுமாம்!"

"வயிறா லேசாகுது? காலுல்ல லேசாகுது!"

மருத்துவர் இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்து ஒப்புதல் தந்ததும் சிஸ்டர் அட்டை எழுதினார்: மூன்று வேளையும் முட்டையோ பருப்போ பாலோ, ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்காலிப் பயிற்சி, தண்ணீர் பாட்டில்களைத் தூக்குதல். "மூணு மாசம் பொறுக்கச் சொல்லுங்க உங்க பையனை."

மூன்று மாதம் கழித்து மெக்கானிக் அதே அட்டையை நீட்டினார், ஒரு நாளும் விடுபடாத பேனாக் குறிகளோடு. "பையன் ஒத்துக்கிட்டான் சிஸ்டர். பதினஞ்சுக்குள்ள வந்தா அதே வீடு. இல்லேன்னா மூட்டை கட்டணும்."

நான்கு முறை சீராக எழுந்தார். ஐந்தாவதில் பாதியிலேயே நின்றுவிட்டார். மனைவியின் கை தானாக நீண்டது. சிஸ்டர் அந்தக் கையைப் பற்றித் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மெக்கானிக் பல்லைக் கடித்து நிமிர்ந்து, மீண்டும் உட்கார்ந்தார். சிஸ்டரின் மறு கைக் கட்டைவிரல் வாட்சை அழுத்தியது: பதினான்கு.

பிடித்திருந்த கையை அப்போதுதான் விட்டார்.